பெயரைச் சொன்னால்தான் ரிப்போர்ட்

பரிமளம் அக்காவை நல்லவள் என்று நான் சொல்ல மாட்டேன். கண்டியில் ஒரு சின்ன மருத்துவப் பரிசோதனை லெப்பில் அவளும் நானும் பதினொரு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். அவள் வேலையில் பிழை பிடிக்க முடியாது. ஆனால் மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டால் விடவே மாட்டாள். எனக்கு அவளிடம் பிடித்ததும் அதுதான்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் குடியிருந்த மாடிவீட்டுக்குத் தீ வைத்தார்கள். படுக்கையில் கிடந்த அவளுடைய அப்பா அழகமுத்து உள்ளேயே கருகிப்போனார். எதிர்வீட்டில் ஒளிந்திருந்த அக்கா, டீசல் கேனைத் தூக்கிப்போனவனின் முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

தொண்ணூற்றொன்றில் அந்த முகம் எங்கள் கவுண்டருக்கு வந்தது. பியசேன, லொறி டிரைவர். கடுமையான நெஞ்செரிச்சல், உணவுக்குழாய் புண்ணாகி உள்ளே இரத்தம் கசிகிறதாம். மருந்தில் புண் ஆறுகிறதா என்று பார்க்க, வாரம் ஒருமுறை மலத்தைச் சோதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தாலும் சோதனைத் தாள் நீலமாகும். நீலம் வராவிட்டால் மருந்தை நிறுத்தலாம்.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரம் நீலம் வந்தது. மூன்றாம் வாரம் வரவில்லை. அவனுக்கு வாயெல்லாம் பல். மனைவி தினமும் நெல்லிச்சாறு பிழிந்து கொடுப்பதாகப் பெருமையடித்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெல்லி அதிகம் குடித்தால், இரத்தம் இருந்தாலும் தாள் நிறம் மாறாது. வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா வாய் ஓயாமல் சொல்லும் விஷயம் இது. இவனுக்கு மட்டும் சொல்லவில்லை. 'இரத்தம் இல்லை' என்று எழுதிய ரிப்போர்ட் அவள் கையில் இருந்தது.

அக்காவை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "இதக் குடுத்தா மருந்த நிப்பாட்டிருவாங்க. ஆள் மவுத்தாப் போயிருவான், அக்கா."

"சாகட்டும், பாயிஸா."

"செத்தா அவனுக்கு என்ன தெரியப்போகுது? நீங்க யாருண்டே தெரியாம போயிருவான்."

அக்கா ரிப்போர்ட்டைக் கிழித்தாள்.

வெளியே வந்து அவனிடம் சிங்களத்தில் பேசினாள். "நெல்லியை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். நான் அழகமுத்துவின் மகள்."

"எந்த அழகமுத்து?"

"கட்டுகஸ்தோட்டை மாடிவீட்டில் எரிந்தவர்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் மாடிக்கு ஏறவில்லை, மிஸ். கேனைத்தான் கொண்டுபோனேன்." யாரும் கேட்காமலே சொன்னான்.

அடுத்த வாரம் தாள் கடும் நீலம். அன்றைக்கு அக்கா ஒரு சட்டம் போட்டாள். அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் ரிப்போர்ட் கைக்கு வரும். அவன் வேறு லெப்புக்குப் போயிருக்கலாம். டாக்டரிடம் என்ன காரணம் சொல்வான்? வாராவாரம் ஆட்கள் நிறைந்த வரிசையில் நின்று "அழகமுத்து" என்பான். மெதுவாகச் சொன்னால், கேட்கவில்லை என்பாள். அநியாயம்தான். எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, அடுத்தடுத்து இரண்டு தடவை தாள் வெள்ளையாகவே இருந்தது. நெல்லியும் இல்லை, புண்ணும் இல்லை. அக்கா உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

பெயரைச் சொல்லி ரிப்போர்ட்டை வாங்கிய பிறகும் அவன் போகவில்லை.

"அன்றைக்கு அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, மிஸ். இப்போது சோற்றில் கை வைத்தாலே அந்தப் பெயர் வருகிறது. அதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதா?"

"இல்ல," என்று அக்கா தமிழில் சொன்னாள். "அடுத்த ஆள் வாங்க."