துரைசாணியின் குளியலறை

என் அம்மாவை வேலை செய்யும் இடத்தில் துரைசாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயரை வைத்தது நெட்டையக்கா. அம்மாவோடு சேர்ந்து துப்புரவு வேலை பார்ப்பவள், பெயருக்கேற்ற உயரம். "தொட்டி விளிம்புல கால்மேல கால் போட்டுக்கிட்டு டீ குடிக்கிற அழகப் பாரு. வெள்ளைக்காரத் துரைசாணி தோத்தா போ" என்று ஒருநாள் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது உறவுக்காரர்கள் யாராவது அம்மாவை உண்மைப் பெயர் சொல்லி அழைத்தால், அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அந்தத் தொட்டி ஒரு துரை குளித்த தொட்டி. அம்மா வேலை பார்க்கும் அரசு அலுவலகம் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. கீழே அலுவலகம், மாடியில் துரையின் வீடு. மாடிக்குப் போக மூன்று வழிகள். முன்கூடத்தில் அகலமான மரப்படி, துரைக்கும் அவருடைய விருந்தாளிகளுக்கும். பக்கவாட்டில் கல்படி, குமாஸ்தாக்களுக்கு. கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி வெளியே திருகு போல் சுற்றிச் சுற்றி ஏறும் ஓர் இரும்புப் படி. அது நேராகப் போய்க் குளியலறைக் கதவில் முட்டும். வேறெங்கும் போகாது.

அந்தக் காலத்தில் மாடிக்குக் குழாய் கிடையாது. தண்ணீரை ஆள் சுமந்து ஏற்றவேண்டும், அழுக்கை ஆள் சுமந்து இறக்கவேண்டும். சுமப்பவர்கள் யார் கண்ணிலும் படக்கூடாது. அதனால் குளியலறைக்கு இரண்டு கதவுகள். துரை தன் படுக்கையறையிலிருந்து ஒரு கதவு வழியாக வருவார். அவர் போன பிறகு எங்கள் ஆட்கள் இரும்புப் படி ஏறி மறு கதவு வழியாக வருவார்கள். இருவரும் முகம் பார்க்காமலே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். யார் யார் கண்ணில் படலாம், படக்கூடாது என்ற கணக்கு நம்மவர்களிடம் ஏற்கெனவே இருந்ததுதான். துரைகள் அதற்கு இரும்பு வார்த்துக் கொடுத்தார்கள்.

துரைகள் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. படுக்கையறை இப்போது பெரிய அதிகாரியின் அறை. குளியலறைப் பக்கத்துக் கதவை மறைத்து ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. கழிப்பறைகளைக் கீழே புதிதாகக் கட்டிவிட்டார்கள். மாடியிலிருந்த பழைய குளியலறையை எல்லாரும் மறந்துபோனார்கள், அம்மாவையும் அவளுடைய கூட்டாளிகளையும் தவிர.

அம்மாவுக்கு அங்கே இருபத்திரண்டு வருட வேலை. காலை ஏழு மணிக்கு இரும்புப் படி ஏறி, குளியலறையில் உடை மாற்றிக்கொண்டு, இறங்கி வந்து வேலையைத் தொடங்குவாள். மரத்தரையைக் கூட்டுமுன் ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவுவாள், தூசி பறக்காமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பதினான்கு அறைகளையும் சன்னலிலிருந்து தொடங்கி வாசலில் முடிப்பாள். கடைசியாக முன்கூடத்து மரப்படி. கல்படி வழியாக மாடிக்குப் போய், அதை மேலிருந்து கீழாக, பின்னோக்கி இறங்கிக்கொண்டே துடைப்பாள். கீழே வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். இருபத்திரண்டு வருடம் தினமும் அந்தப் படியில் இறங்கியிருக்கிறாள். ஒருநாளும் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

இதையெல்லாம் அம்மா ஒரு குறையாகச் சொன்னதே கிடையாது. குறையாகக் கண்டது நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். இரண்டாம் ஆண்டில் ஒரு வகுப்பில், வெள்ளைக்காரர் கட்டிய வீடுகளில் வேலைக்காரர்களுக்கென்று ஒளிவான படிகள் வைத்ததைப் பற்றிப் பேராசிரியர் பேசினார். என் காது சூடாகிவிட்டது. எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அது குறிப்பாக இல்லை. என் அம்மாவின் முழங்கால் வலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். 'அடிமைக் காலத்தின் அவமானச் சின்னமான பின்புற இரும்புப் படியை உடனே அகற்றவேண்டும்.' கட்டடப் பராமரிப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆறே வாரத்தில் இரண்டு பொறியாளர்கள் வந்து படியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். துருப்பிடித்த துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. கீழ்ப்படியில் சங்கிலி கட்டிப் பூட்டுப் போட்டு, 'ஆபத்து, ஏறாதீர்' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை அம்மா வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னாள், "பின்னாடி படிய மூடிட்டாங்கடி."

"நல்லதுதானேம்மா?"

"ம்" என்றாள்.

அந்த 'ம்'மை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். என் மனு இது என்று சொல்ல வாய்வரை வந்தது. தேர்வு முடிவைச் சொல்வதுபோல நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சான்றிதழுக்காக நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். மதியம் ஒரு மணி. கூட்டம் நகரவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பின்பக்கம் போனேன்.

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் துப்புரவுப் பெண்கள் மூன்று பேரும் இருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒரு பழைய போர்வையைக் கை இரண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பின்னால் நெட்டையக்கா ஈரப் புடவையை மாற்றிக்கொண்டிருந்தாள். உயரத்துக்குப் போர்வை போதவில்லை. குனிந்து, முழங்காலை மடக்கி, அவள் பட்ட பாடு. அம்மா சுவரோரமாக நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உட்கார முடியாது, தரையெல்லாம் டீசல்.

"யாருடி அது? ஆம்பளையா இருந்தா அங்கேயே நில்லு, பொம்பளையா இருந்தா வந்து போர்வையைப் பிடி" என்றாள் நெட்டையக்கா.

"நான்தான்க்கா."

"அடியே, காலேஜ் வந்திருக்கு. துரைசாணி, உன் மக."

அம்மா அவசரமாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினாள். ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் போல இருந்தது அவள் முகம். "வெயில்ல ஏன் இங்க வந்த? அங்க ஃபேனுக்குக் கீழ உக்கார வேண்டியதுதானே?"

"தினமும் இங்கதான் சாப்பிடுறியா?"

"படிய மூடிட்டாங்கல்ல. மேல அந்த ரூமுக்குப் போறதுக்கு வேற ஏது வழி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பூட்டவைத்தது ஒரு படியை மட்டுமல்ல. அந்தக் கட்டடம் முழுவதிலும் அவர்கள் உட்காரக்கூடிய ஒரே இடத்தை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உடை மாற்ற, கால் நீட்ட, வாய்விட்டுச் சிரிக்க. தொட்டிக்குள்தான் மாற்றுப் புடவைகளை மடித்து வைத்திருந்தார்கள். அவையெல்லாம் இன்னும் மேலேயே கிடந்தன.

"அம்மா, அந்த மனுவ எழுதினது நான்தான்" என்றேன்.

போர்வை பிடித்திருந்த பெண்ணின் கை இறங்கிவிட்டது. "ஏய், மேல தூக்குடி" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

அம்மா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா எழுதியிருந்தியா?" என்று கேட்டாள்.

"...நல்லாத்தான் எழுதினேன்."

"அதான் உடனே செஞ்சுட்டாங்க. போன வருஷம் மேல லைட்டு எரியலைன்னு நான் வாயால நாலு தடவ சொன்னேன். இன்னும் வரல." அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு துளி பெருமைகூட இருந்தது. அதுதான் என்னை அழவைத்தது.

"வேற ஒன்னு எழுதுறேம்மா. விளக்கமா எழுதி..."

"வேணாண்டி கண்ணு" என்று நெட்டையக்கா போர்வைக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "இந்தத் தடவ கட்டடத்தையே மூடிடப் போறாங்க."

புதுப்பெண் சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள். எனக்கு மூக்கு ஒழுகியது. அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "உள்பக்கம் ஒரு கதவு இருக்குல்ல, பெரிய மேடம் ரூம் வழியா. அதைக் கேட்டுப் பார்க்கலாம். நீ கூட வா. பேசவேண்டாம். சும்மா பக்கத்துல நில்லு" என்றாள்.

முன்கூடத்துக்கு வந்ததும் அம்மாவும் நெட்டையக்காவும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. 'போட்டுக்கோம்மா' என்று சொல்ல வாயெடுத்தபோது பார்த்தேன், என் செருப்பும் என் கையில்தான் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. இரண்டு வருடம் படித்த புத்தகம் எதுவும் என் பாதம்வரை இறங்கியிருக்கவில்லை.

மரப்படியில் பாதி ஏறியதும் அம்மா நின்றாள். வலியோ என்று கையைப் பிடித்தேன்.

"என்னடி இது, படி இவ்வளவு தணிவா இருக்கு?" என்று என் காதில் கிசுகிசுத்தாள். "ஏறுற மாதிரியே தெரியல. அந்த இரும்புல ஒவ்வொரு படியும் முட்டி உசரம்."

"சொகுசா ஏறட்டும்னு கட்டியிருக்காங்க."

"பாவம், வெறுங்கைய வீசிட்டு ஏறுறவனுக்குத்தான் முட்டி வலிக்கும்போல" என்றாள் அம்மா.

பெரிய மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். அந்த நாற்காலிக்கு வந்து நான்கு வருடம். அம்மாவைத் தினமும் பார்ப்பவர்தான், ஆனால் மதியம் இரண்டு மணிக்குத் தன் மேசைக்கு முன்னால் பார்த்ததில்லை. வாசலில் இருந்த பியூன், "துடைக்க வந்திருக்காங்க மேடம்" என்று சொல்லித்தான் எங்களை உள்ளே விட்டார்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. ஆனாலும் சொல்லி முடித்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த அலமாரிக்குப் பின்னாடி ரூமா?"

"ஆமா மேடம்."

"நீங்க அங்கதான் இருந்தீங்களா, இத்தனை வருஷமும்?"

"வேலை நேரத்துல இல்ல மேடம். பதினோரு மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு. அவ்வளவுதான்."

மேடம் அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்பப்ப சிரிப்புச் சத்தம் கேக்கும். கீழேருந்து வருதுன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "கொஞ்ச நாளா கேக்கல" என்றார்.

மேடம் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். சுதாரித்துக்கொண்டு, "ஆனா இது ஆபீஸ் ரூம். மீட்டிங் நடக்கும், வெளியாட்கள் வருவாங்க. நடுவுல நீங்க வாளியும் துடைப்பமுமா..."

"வாளி கீழயே இருக்கும் மேடம். நாங்க மட்டும்தான் வருவோம். தட்டிட்டு வருவோம்."

"சரி, பார்க்கலாம்."

அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவளுக்குப் 'பார்க்கலாம்' என்றால் என்னவென்று தெரியாதா? அம்மா கையிலிருந்த செருப்பைத் தரையில் வைத்தாள்.

"இப்பவே பாருங்க மேடம். அலமாரிய ரெண்டு அடி நகர்த்தினாப் போதும். பார்த்துட்டு வேணாம்னு சொன்னாலும் சரி, எங்க துணிமணியாவது எடுத்துக்குவோம்."

மேடம் பதில் சொல்லுமுன் நெட்டையக்கா அலமாரியில் தோளைக் கொடுத்துவிட்டாள். நானும் போய்ச் சேர்ந்தேன். "ஐயோ, ஃபைல் இருக்கு, ஃபைல் இருக்கு" என்று கத்திக்கொண்டே வந்த பியூன் கடைசியில் தானும் தள்ளினார். கதவு திறக்க மறுத்தது. அம்மா கீழ்ப்பக்கம் ஒரு உதை விட்டாள். திறந்தது.

மேலே ஒரு சிறிய சன்னல், மூலையில் பின்னாளில் வைத்த ஒரு குழாய். நடுவில் வெள்ளைத் தொட்டி, விளிம்பெல்லாம் வெடிப்பு. அதற்குள் மூன்று புடவைகள் மடித்தபடி, இரண்டு மாதத் தூசியோடு. சுவரில் கைக்கண்ணாடி, அதன் இடுக்கில் வரிசையாகக் கொண்டை ஊசிகள். கவிழ்த்து வைத்த மூன்று டீ டம்ளர்கள். நான்கூட அந்த அறையை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பார்க்காமலே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

மேடம் வாசல்வரை வந்தவர் உள்ளே கால் வைக்கவில்லை.

"பதினோரு மணி, ஒரு மணி" என்றார். "தட்டிட்டு வாங்க. அலமாரி நகர்த்தின இடத்துலயே இருக்கட்டும்."

முதல் வாரம் பெரிய சங்கடமாக இருந்தது என்று அம்மா சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருடப் போகிறவர்கள்போல மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்களாம். வெளியாட்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெறிப்பார்கள். ஒரு கனவான் முகம் சுளித்தபோது மேடம், "அவங்க ரூம் அந்தப் பக்கம் இருக்கு, நீங்க சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாராம். செருப்பை இன்னும் கையில்தான் எடுத்துப் போகிறார்கள். அதைப்பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

போன வாரம் ஒரு மாலை. அம்மா தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ அவளை அரித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

"இன்னைக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன்போல" என்றாள்.

"என்னம்மா?"

"மதியம் நாங்க உள்ள இருந்தோம். புதுப்பொண்ணு புடவை மாத்திட்டிருந்தா. யாரோ கதவத் தட்டினாங்க. பியூன்தான்னு நினைச்சு, 'கொஞ்சம் இரு, சும்மா தட்டாத'ன்னு சத்தம் போட்டுட்டேன். திறந்து பார்த்தா மேடம் நிக்கிறாங்க."

"ஐயோ. எதுக்கு வந்தாங்க?"

"கை கழுவக் குழாய்ல தண்ணி வருதான்னு கேக்க." கத்தி நின்றது. "கோவிச்சிருப்பாங்களோ? நீ படிச்சவ, சொல்லு."

"நீ சத்தம் போட்டப்ப கதவத் திறந்துட்டாங்களா?"

"இல்ல."

"போயிட்டாங்களா?"

"இல்லடி. அவ முந்தானையெல்லாம் சரிபண்ணி முடிக்கிறவரைக்கும் வெளிய அப்படியே நின்னுட்டிருந்தாங்க" என்றாள் அம்மா. நம்பமுடியாததைச் சொல்லும் குரலில் இன்னொரு முறையும் சொன்னாள், "நின்னுட்டிருந்தாங்க."