ரெண்டக்காவும் சனிக்கிழமை ரொட்டியும்

ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு ரெண்டக்கா என்று பெயர். அவளிடம் எதுவும் ஒன்றாக இருந்து யாரும் பார்த்ததில்லை. குடை இரண்டு, சாவிக்கொத்து இரண்டு, மேசைமேல் ஒரே நிறத்தில் ஸ்டேப்ளர் இரண்டு. கேட்டால், "ஒண்ணு காலை வாரினா இன்னொண்ணு இருக்கும்ல" என்பாள். பழையதைத் தூக்கிப் போடச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

மாடியில் மாவு மூட்டைகளை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, நாளைக்கு எத்தனை ரொட்டி சுடலாம் என்று சொல்வது அவள் வேலை. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் அவள் எழுதிய நிரல், கடைகளின் பழைய விற்பனையைப் பார்த்து எண்ணைச் சொல்லும். அதைச் சீட்டில் எழுதிக் கீழே அடுப்பு மேஸ்திரியிடம் கொடுப்பாள். அவள் வருவதற்கு முன்பு மேஸ்திரியே வாசலில் நின்று வானத்தைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு வருடமாகியும் அந்த வருத்தம் அவருக்கு ஆறவில்லை.

ஒரு மாதமாக எண் சொதப்பியது. சனிக்கிழமை அலுவலகங்கள் மூடியிருக்கும். ரொட்டி குறைவாகத்தான் போகும். நிரலோ ஐயாயிரத்துக்கு மேல் சுடச் சொன்னது. மாலையில் தட்டுத் தட்டாகத் திரும்பி வந்தது. திங்கட்கிழமை ரொட்டி போதாமல் கடைக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள்.

"தங்கச்சி, உன் மிஷினுக்கு மூக்கு அடைச்சிருக்கு போல" என்றார் மேஸ்திரி. "கொஞ்சம் ஆவி பிடிக்க வை."

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் மாடியேறி வந்தார். அவர் முழங்காலுக்கு அது பெரிய காரியம்.

"நாளைக்கும் ரொட்டி திரும்பி வந்துச்சுன்னா, திங்கள்லேருந்து மேஸ்திரியே நம்பர் சொல்லட்டும். நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்திருந்தாள். கிழமைகளைக் கவனித்துக்கொள்ள அவள் ஒரு பேக்கேஜை வைத்திருந்தாள். யாரோ எழுதிப் பொதுவில் கொடுத்த நிரல் மூட்டை அது. பழைய பதிப்பில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். போன மாதம் வந்த புதுப் பதிப்பில் திங்கட்கிழமை தொடங்கும். அதற்கேற்பத் தன் நிரலையும் மாற்றி, சனிக்கிழமையை ஆறாவது நாள் என்று எழுதினாள். திங்கள்தோறும் கம்ப்யூட்டர்காரர் கொடுத்த பெரிய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், எல்லா பேக்கேஜையும் புதுப்பித்தாள். ஒரு திங்கள்கூடத் தவறவில்லை.

அழுகை வரும்போல இருந்ததால், தையல் கடையில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுமே ஓடலங்க. ஸ்க்ரீன்கூட மங்கலா தெரியுது."

"கண்ணாடி போட்டிருக்கியா?"

"போட்டுட்டுத்தான் பேசறேன்."

"என்ன கலரு?"

கழற்றிப் பார்த்தாள். "பழுப்பு."

"அது பழைய பவர்மா. போன மாசம் வாங்கினது கறுப்பு. பையில உள்ஜிப்பைத் திறந்து பாரு, கவர்கூடப் பிரிக்காம இருக்கும். உன் கைக்கு எது முதல்ல தட்டுப்படுதோ, அதோட தேடறதை நிறுத்திடுவே."

உள்ஜிப்பில் கறுப்புக் கண்ணாடி கவர் பிரிக்காமல் இருந்தது. மாட்டிக்கொண்டாள். திரை பளிச்சென்றது. ஆனால் அவள் திரையைப் பார்க்காமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு வரி தட்டினாள். பேக்கேஜ் வேண்டுமென்றால் எங்கெங்கே தேடுவாய் என்று கணினியைக் கேட்கும் வரி. இரண்டு ஃபோல்டர்கள் வந்தன. முதலில் அவளுடைய சொந்த ஃபோல்டர். அடுத்தது தொழிற்சாலைக்குப் பொதுவானது.

மூன்று வருடத்துக்கு முன்பு அந்த பேக்கேஜை முதன்முதலில் போட்டபோது, பொது ஃபோல்டரைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. உங்களுக்கென்று தனி ஃபோல்டர் ஒன்று திறக்கட்டுமா என்று கணினி கேட்டது. இன்னொன்று தருகிறேன் என்று கேட்டால் ரெண்டக்கா வேண்டாம் என்பாளா? பொது ஃபோல்டரைத் தொடும் அனுமதி, பிறகு வந்த பெரிய பாஸ்வேர்டோடுதான் கிடைத்தது. அதில் புதுப்பித்ததெல்லாம் பொது ஃபோல்டரில் போய்ப் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. அவள் நிரலை ஓட்டும்போதோ, கணினி முதலில் அவள் ஃபோல்டரைத் திறந்து, அங்கிருந்த பழைய பதிப்பைப் பார்த்ததும் அதோடு நின்றுவிட்டது. அந்தப் பழசுக்கு ஆறாவது நாள் வெள்ளிக்கிழமை. இவள் சனிக்கிழமை ரொட்டியைக் கேட்க, அது ஒரு மாதமாக வெள்ளிக்கிழமை ரொட்டியை எடுத்து நீட்டியிருக்கிறது; திங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரொட்டியை.

பழையதை நீக்க ஒரே வரி போதும். தட்டிவிட்டாள். என்டரை அழுத்தத்தான் விரல் வரவில்லை. கை கழுவிவிட்டு வந்தாள். ஸ்டேப்ளர்கள் இரண்டையும் நேராக வைத்தாள். கீழே பேக்கிங் பகுதியில் ரொட்டி உறையை ஒட்டும் மிஷின் 'டப் டப்' என்று அடித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்து, அழுத்தினாள்.

நிரலை மறுபடி ஓட்டியபோது மூவாயிரத்து எண்ணூற்று எழுபது என்றது.

சீட்டை வாங்கிய மேஸ்திரி, வாசலுக்குப் போய் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். "நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

மறுநாள் மாலை வண்டி திரும்பியபோது அவள் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஒரே ஒரு தட்டு இறங்கியது, அதிலும் பாதிதான். மேனேஜர் அதைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

"என்ன தங்கச்சி பண்ணே?" என்றார் மேஸ்திரி.

"ரெண்டு இருந்துச்சுண்ணே. ஒண்ணை எடுத்துட்டேன்."

"டேய், ரெண்டக்கா ஒண்ணைத் தூக்கிப் போட்டுடுச்சாம்டா" என்று அவர் அடுப்புப் பக்கம் திரும்பிச் சொல்ல, மாவுக் கைகளோடு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அழைத்துப்போக வந்த புருஷனும் அதைக் கேட்டுக்கொண்டே வந்தான். "அப்போ அந்தப் பழுப்புக் கண்ணாடியையும் போட்டுட்டியா?"

அவள் பையைத் தோளில் இறுக்கிக்கொண்டாள்.

"அது உள்ஜிப்புல இருக்கு."