கழுவியும் போகாத சிவப்பு

ஹாஜிரா பீக்கு அழுக்கு என்றால் ஆகாது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், பள்ளிவாசல் பாங்கு வீட்டுக்குள்ளேயே வந்து விழுகிற ஒரு சந்தில் அவள் குடியிருந்தாள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் தள்ளி நின்றுகொள்வார்கள்.

"அக்கா மொதல்ல கொடத்தக் கழுவும், அப்பால கொழாயக் கழுவும், அப்பால தண்ணியவும் கழுவித்தான் புடிக்கும்" என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சுத்தம் ஈமானில், இறைநம்பிக்கையில், பாதி என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தது அவள் கையோடு கூடவே வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிழைப்பு தி. நகரில். முத்துலட்சுமி என்ற திருநெல்வேலிக்கார அம்மாளின் ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொடுப்பாள். தைக்க நூறு பேர் உண்டு. சேலைக்கு ஏற்ற நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஹாஜிரா பீ பேர் வாங்கியிருந்தாள். ட்யூப் லைட்டை அவள் நம்பமாட்டாள். சேலையையும் நூல்கண்டையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி வாசலுக்கு வந்து, வெயில் வெளிச்சத்தில் நூலைச் சேலைமேல் படுக்கப்போட்டுப் பார்ப்பாள். நூல் கண்ணுக்குத் தெரிந்தால் வேறு நூல். தெரியாமல் மறைந்துவிட்டால் அதுதான் நூல்.

அவள் புருஷன் ஷஃபியுல்லாவுக்கும் நிறத்தோடுதான் காலம் போனது. ஈக்காட்டுத்தாங்கலில் அடிபட்ட கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்கிற பட்டறையில் வர்ணம் கலக்குகிறவர். ஆக, அந்த வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சே நிறமாகத்தான் இருக்கும்.

"இன்னிக்கு ஒரு வண்டி வந்துது. மாம்பழ மஞ்சள்."

"மாம்பழம்னா எதுங்க? பழுத்ததா, அழுவிப்போனதா?"

"உன் கடைச் சேலைல கீற மஞ்சளவிட தேவலாம்டி."

மூத்தவள் மஹ்விஷைத் திருவான்மியூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இளையவன் ரெஹான். டீசல் மெக்கானிக் வேலை படித்தவன். எட்டுத் திக்கும் அலைந்து எழுதிப்போட்டு ஆஸ்திரேலியாவில் வேலை வாங்கிக்கொண்டு போனான். கடற்கரைப் பக்கத்துப் பட்டணங்களில் இல்லை. அந்த நாட்டின் நட்டநடுவில், மழை மறந்துபோன பொட்டல்காட்டில், ரயில்போல நீளமான லாரிகளுக்கு ரிப்பேர் பார்க்கிற இடம்.

போன இடத்தில் யாரோ விற்ற பழைய கேமரா ஒன்றை வாங்கினான். அதிலிருந்து படம் வர ஆரம்பித்தது. ஆளில்லை, வீடில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்த தரை. அதன் கடைசியில் படுத்திருக்கிற ஒட்டகத்தின் முதுகுபோல ஒரு குன்று. மேலே துடைத்துவைத்த வானம்.

"இன்னாடா இது, காக்கா குருவிகூட இல்ல? எப்பிடிடா கீற அங்க?" என்று கேட்டாள் ஹாஜிரா பீ.

"அதான் அம்மி அழகே. நின்னு பாத்தா அல்லாவும் நம்மளும் மட்டுந்தான்."

அடுத்த லீவு நாளில் ஷஃபியுல்லா பட்டறையில் கழித்துப்போட்ட ஒரு கார் பானெட் தகட்டை வீட்டுக்குத் தூக்கிவந்தார். மீந்த வர்ணங்களைக் கலந்து, மகன் அனுப்பிய தரையையும் குன்றையும் வானத்தையும் அதில் தீட்டி, படம் பிடித்து அனுப்பினார். ரெஹானின் பதில் குரலாக வந்தது. பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"அப்பா, சூப்பரா கீது. ஆனா இது நம்ம ஊரு செங்கல்லு கலரு. இங்க மண்ணு அப்பிடி இல்ல. சாய்ந்தரத்துல அடுப்புக் கங்காட்டம் உள்ளருந்து எரியும். போட்டோலயே வரமாட்டேங்குது, நான் இன்னா பண்றது?"

இப்படித் தொடங்கியது அப்பனுக்கும் மகனுக்கும் விளையாட்டு. அவன் படம் எடுத்து அனுப்புவான். இவர் தரையை மட்டும் திரும்பத் திரும்ப அடிப்பார். "இன்னும் வரலப்பா" என்பான். "மொளகாத்தூள்ல மஞ்சள் ஜாஸ்தி ஆயிடுச்சு" என்பான். ஒருதரம், "கிட்ட வந்துட்டீங்கப்பா" என்றான். அன்றைக்கு ஷஃபியுல்லா ஒரு தட்டு சோறு அதிகம் சாப்பிட்டார்.

ஹாஜிரா பீ கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"நமாஸ் படிக்கிறியாடா?"

"படிக்கிறேன் அம்மி."

"எங்க படிக்கிற? அந்தக் காட்டுல பள்ளிவாசலா கீது?"

"எறங்கின எடமெல்லாம் பள்ளிவாசல்தான் அம்மி."

அவளுக்கு நம்பிக்கையில்லை. இங்கே இருந்தபோது அவனை விடியற்காலை ஃபஜர் தொழுகைக்கு எழுப்பப் போர்வையைப் பிடித்து இழுக்கவேண்டும். கண் முன்னால் இருந்தவனே அப்படி என்றால், கடல் தாண்டிப் போனவன் எப்படி இருப்பான்? அந்தச் சந்தேகம் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

ரம்ஜான் கழிந்த பின் ஒரு காலையில் அவனுடைய அறைத் தோழன் வலியுல்லா போன் செய்தான். ஆம்பூர்ப் பையன். மண் ரோட்டில் ரெஹான் போன வண்டி உருண்டுவிட்டது. கொடுத்தவன் எடுத்துக்கொண்டான்.

உடலை இங்கே கொண்டுவர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது என்றார்கள். மையத்தைக் காக்கவைக்கக்கூடாது, இறந்த ஊரிலேயே அடக்குவது மேல் என்றார் பள்ளிவாசல் இமாம். ஷஃபியுல்லா போனை வாங்கி, "அங்கயே வெச்சிடுங்க தம்பி" என்றார்.

அடக்கம் நடந்தபோது போனில் படம் தெரியவில்லை. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. "இப்ப எறக்கிட்டாங்க... இப்ப மண்ணு போடுறாங்க" என்றான் வலியுல்லா. கபர்க்குழியில் வைத்ததும் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு மூன்று பிடி மண் அள்ளி ஓதிப் போடுவது கடமைபோல நடந்துவருகிற வழக்கம். ஷஃபியுல்லா தெரிந்தவர், தெரியாதவர் என்று எத்தனையோ பேர் கபரில் மண் போட்டவர். அன்றைக்குக் கூடத்தில் நின்றபடி, வெறும் கையை இறுக்கி மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஹாஜிரா பீ அதைப் பார்த்துவிட்டாள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்கிற மையத்தாங்கரைக்குப் போவதில்லை. அவளுக்கு எப்படியும் அந்த மண் கிடையாது. அவருக்கும் இல்லாமல் போயிற்றே என்றுதான் அவள் அழுதாள்.

நாற்பதாம் நாள் நெருங்கும்போது, அன்றைக்கு வரும் என்று சொல்லியிருந்தபடி, அவனுடைய பெட்டி வந்து சேர்ந்தது. ஷஃபியுல்லா வேலைக்குப் போயிருந்தார். ஹாஜிரா பீ பிஸ்மி சொல்லித் திறந்தாள். சட்டை, பேண்ட், கனமான பூட்ஸ், கேமராப் பை, அவள் பின்னிக்கொடுத்த வெள்ளைத் தொப்பி. எல்லாவற்றிலும் செம்புழுதி அப்பிக் கிடந்தது. இறந்தவரின் துணியை ஏழைக்குக் கொடுத்தால் அந்த நன்மை அவருக்குப் போய்ச்சேரும். கொடுப்பதை அழுக்காகக் கொடுக்கலாமா?

கிணற்றடியில் உட்கார்ந்து துவைத்தாள். மகனை இனிக் குளிப்பாட்ட முடியாது. துணியையாவது குளிப்பாட்டலாம் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பூட்ஸின் அடிப்பள்ளங்களை ஈர்க்குச்சியால் நோண்டிக் கழுவினாள். மருதாணி அலசிய தண்ணீர்போலச் சிவப்பு ஓடிச் சாக்கடையில் இறங்கியது. தெளிகிறவரை ஊற்றினாள்.

சாயங்காலம் ஷஃபியுல்லா வந்தார். கையில் ஒரு சின்னக் காலி டப்பா. துணி காய்ந்த கொடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பூட்ஸு எங்க ஹாஜிரா?"

"அதோ காயுது. எல்லாத்தையும் சுத்தமா தொவைச்சிட்டேன். நாப்பதுக்குக் குடுக்கணும்ல?"

"பையி?"

"அதுவுந்தான். ஒரே மண்ணு, ஒதறி ஒதறிக் கை வலிச்சிப்போச்சு... இன்னாங்க ஆச்சு?"

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். டப்பாவைப் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுமில்ல. ஒரு சிட்டிக மண்ணு ஒட்டிக்கினு வரும்னு நெனச்சேன். அதப் பாத்து ஒரு தடவையாச்சும் சரியாப் போட்டுடலாம்னு. அவன் படுத்துக்கினு கீற தரை இன்னா கலருன்னாவது..."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லங்க."

"நீ கழுவுவேன்னு எனக்குத் தெரியாதா? நான்தான் காலையிலயே சொல்லியிருக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். ஹாஜிரா பீ சாக்கடை ஓரம் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். கறுப்புச் சேறுதான் வந்தது.

அதன்பிறகு ஷஃபியுல்லா போட்டோக்களோடு போராடினார். அவர் போனில் தரை செங்கல்லாகத் தெரிந்தது. மஹ்விஷின் போனில் அதே தரை ஆரஞ்சுப்பழம். பக்கத்தில் லஸ் கார்னரில் கணேசமூர்த்தியின் ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டுப் பார்த்தால் காப்பித்தூள்.

"மிஷின் குடுக்கிறதுதான் பாய் கலரு. செவப்பு வேணும்னா சொல்லுங்க, எவ்ளோ வேணாலும் ஏத்தித் தரேன்" என்றான் அவன் நல்ல மனதோடு.

"நான் ஏத்தச் சொல்லி இன்னா பிரயோஜனம்? உள்ளதுதானே வேணும்" என்று திரும்பி வந்துவிட்டார். பானெட் தகடு சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

கடை மாடியில் ஒருநாள் ஹாஜிரா பீ ஊசியைக் கையில் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். முத்துலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, என்னத்த இப்படி நெனச்சு நெனச்சு உருகுத? சொன்னாத்தான தெரியும்."

ஹாஜிரா பீ எல்லாவற்றையும் சொன்னாள். "கழுவிக் கொட்டிட்டேன்க்கா. எம்புள்ள மேல கீற மண்ண நானே சாக்கடையில விட்டுட்டேன்."

"வேணும்னா செஞ்ச? விடு தாயி." முத்துலட்சுமி அவள் முதுகைத் தடவினார். "எங்க ஊருப் பக்கம் தேரிக்காடுன்னு ஒண்ணு உண்டு. செக்கச்செவேல்னு மணலு. சின்னப்பிள்ளைல எங்கய்யா வேட்டியில அது அப்பிக்கிட்டு வந்தா, எங்கம்மை கெடந்து மாரடிப்பா. எந்தச் சவுக்காரம் போட்டாலும் வெள்ளைல ஏறின அந்தச் செவப்பு போவவே போவாது, பாத்துக்கோ."

ஹாஜிரா பீ ஊசியைச் சேலையில் குத்திவைத்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன்க்கா."

"இப்பவா? போ, போ. சேல எங்கயும் ஓடிராது."

வீட்டுக்கு வந்ததும் தையல் மிஷின் டிராயரை இழுத்தாள். நூல் துண்டுகளுக்கு அடியில் தொப்பி கிடந்தது. அன்றைக்கு அதை ஊறவைத்து, தேய்த்து, வெயிலில் போட்டும் கறை போகவில்லை. கறைபட்டதைத் தர்மம் கொடுக்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்து, மறந்தும் போயிருந்தாள்.

வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பார்த்தாள். தொப்பி முழுக்க வெள்ளை. முன்பக்க விளிம்பில், நெற்றிக்கு மேலே வரும் இடத்தில் மட்டும், பிறைபோல வளைந்து ஒரு சிவப்பு. பின்னால் இல்லை. பக்கங்களில் இல்லை. புழுதி பறந்து ஒட்டியிருந்தால் எல்லாப் பக்கமும் இருக்கும். இது ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொடும்போது பட்டது. ஒருநாள் தொழுதால் இப்படி ஏறாது. நாள் தவறாமல், அந்தப் பொட்டல்காட்டில், வெறும் தரையில் குனிந்து குனிந்து ஏறிய நிறம்.

"எறங்கின எடமெல்லாம் பள்ளிவாசல்தான் அம்மி."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நம்பாமல் போனேனே ராஜா, என்று தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டாள். சோப்பு வாசனைதான் வந்தது.

ஷஃபியுல்லா வந்ததும் தொப்பியை அவர் கையில் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளைப்போலவே அவருக்கும் அது புரிய நேரமாகவில்லை. உதட்டில் வைத்து எடுத்துவிட்டு, "சுபஹானல்லாஹ்" என்றார், மூச்சுக் காற்றாக.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து தகட்டைத் திருப்பி வைத்தார். தொப்பியை எதிரில் வைத்துக் கலந்தார். சிவப்பு, அதில் மஞ்சள், ஒரு பொட்டுக் கறுப்பு. ஹாஜிரா பீ கலவையை ஒரு தகரத் துண்டில் தடவிக் காயவிட்டு வாசலுக்கு எடுத்துப் போவாள்; நூல் பார்க்கிறதுபோல விளிம்பை அதன்மேல் படுக்கவைத்துப் பார்ப்பாள்.

"இன்னும் வரலங்க. எரியல."

மறுபடி கலந்தார்.

"கிட்ட வந்துட்டீங்க."

சொன்னபிறகுதான் யாருடைய வார்த்தை என்று இருவருக்கும் உறைத்தது. அவர் குனிந்தபடியே இன்னொரு சொட்டு விட்டார். அவள் எடுத்துப் போனாள். தகரத்தின்மேல் பிறை இருந்த இடம் தெரியவில்லை. விரலை வைத்துத் தடவித்தான் தொப்பி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"வந்துடுச்சுங்க" என்றாள்.

ஷஃபியுல்லா தகட்டின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தார். பிரஷை எடுக்கவில்லை. வர்ணத்தில் கையைத் தோய்த்து, தரையிருந்த இடத்தில் மெல்ல வைத்துத் தடவினார். உதடுகள் அசைந்தன. மறுபடி தோய்த்தார். மூன்றாவது தரம் தோய்த்து வைத்தபோதுதான், கபரில் மண் போடும்போது ஓதுவதை அவர் ஓதுகிறார் என்று ஹாஜிரா பீக்குத் தெரிந்தது.

அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"நீயும் போடு ஹாஜிரா."

"நானா? நான் பொம்பளைங்க..."

"இது நம்ம வீடுதானே. போடு."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையைத் தோய்த்தாள். வர்ணம் சில்லென்றிருந்தது. மூன்று தரம் வைத்தாள். படத்தின் கடைசியில் குன்று இருந்தது, வானம் இருந்தது. தரை இப்போதுதான் வந்திருந்தது.

ஷஃபியுல்லா தின்னரில் நனைத்த துணியை நீட்டினார். "காஞ்சிட்டா போவாது. தொடைச்சிக்க."

அவள் சிவந்த உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ங்க. அஸர் நமாஸுக்குப் பாங்கு சொல்லட்டும். அப்பால கழுவிக்கிறேன்."