எண்ணெய்த் தலையோடு பதினான்கு பேர்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் போனுக்கு ஓய்வே கிடையாது. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தம், கூடப் படித்துவிட்டு மறந்துபோனவர்கள், அப்பாவின் பழைய சிநேகிதர்கள் எல்லாரும் கூப்பிடுவார்கள். சுகமா, சாப்பிட்டாச்சா என்று ஒப்புக்கு இரண்டு வார்த்தை. அப்புறம் விஷயத்துக்கு வருவார்கள்.

"அருவியில தண்ணி விழுதா?"

எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பதில்தான். "கொட்டுது." யாரும் குற்றாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் விருந்தாளி வந்தாலொழிய நாங்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம். மேற்கே மலையில் மேகம் நின்றால் கொட்டுது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டால் கொட்டுது. வருகிறேன் என்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அருவியை என்னவோ எங்கள் தாத்தா கட்டிவைத்துவிட்டுப் போன மாதிரியும், தண்ணீர் வராவிட்டால் எங்கள் குடும்பத்துக்குத்தான் கேவலம் என்கிற மாதிரியும் ஒரு நினைப்பு.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தென்காசியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவேன். வடகரையிலிருந்தும் இலத்தூரிலிருந்தும் வருகிறவர்கள், "அந்தப் பிள்ள இருக்காளா, இல்லேன்னா நாளைக்கு வாறோம்" என்று வாசலிலேயே கேட்பார்கள். சர்க்கரை கூடிப்போன பெரியவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் குறைச்சுப் போட்டுக் குடேன் தாயி, வீட்டுல திட்டுதாங்க" என்று கெஞ்சுவார்கள். "சட்டியில இருக்கதுதான் அகப்பையில வரும் தாத்தா" என்று அனுப்பிவிடுவேன். அங்கே ஒரு புள்ளியைக் கூட மாற்றமாட்டேன். அவ்வளவு ராங்கி. ஆனால் வீட்டு வாசலை மிதித்ததும் நான் வேறு ஆள். அப்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன்.

அப்படித்தான் அந்த போன் வந்தது. கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண்பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான் பேசினார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"வேன்ல பதினாலு பேர் வாறோம் அண்ணாச்சி. காலையில அருவியில குளிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்திருதோம். தண்ணி விழுதா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, விழுதுல்லா?"

நான் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விழுதுப்பா" என்றேன்.

"கொட்டுது தங்கச்சி, தாராளமா வாங்க."

"பிள்ள வேலைக்குப் போவுதாமே. எங்க வீட்டுல மருமக்கமாரு யாரும் வேலைக்குப் போறதில்ல."

"அதெல்லாம் விட்டுருவா. சும்மா பொழுது போகாமத்தான் போவுதா" என்றார் அப்பா. மறுபடியும் என்னைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் தலை தன் பாட்டுக்கு ஆடிவிட்டது. சுடிதார் தீய்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வேன் வந்து நின்றது. நான் பட்டுச்சேலையும் பூவுமாக உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். வாசலுக்குப் போன அம்மா போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லார் தலையிலயும் எண்ணெய் வழியுதுட்டி" என்றாள்.

நடந்தது இதுதான். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் முதலில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பிறகுதான் அருவிக்கு நடப்பார்கள். இவர்களும் என் பேச்சை நம்பி, வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுவந்த நல்லெண்ணெயை வேன் நிறுத்திய இடத்திலேயே தேய்த்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் பேரருவியில் பாறை பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. சாரல் நின்று ஒரு வாரமாகியிருக்கிறது. ஒரு ஓரமாக நூல் மாதிரி ஒழுகுவதற்குக் கீழே ஊர்ப்பட்ட கூட்டம். ஐந்தருவியிலும் அதே கதை. தேய்த்த எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியுமா? அப்படியே பெண்பார்க்க வந்துவிட்டார்கள்.

அப்பா பேய்முழி முழித்தார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு குளியலறை. புறவாசலில் ஒரு குழாய். ஆண்களை உள்ளே வரிசையாக அனுப்பிவிட்டு, பெண்களைப் புறவாசலுக்கு அழைத்துப் போய்க் கொடியில் இரண்டு போர்வையை மறைப்பாகக் கட்டினோம். யார் பெண், யார் பார்க்க வந்தவர்கள் என்பதெல்லாம் போயே போச்சு. நான் பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, சீயக்காயைக் கரைத்து வாளி வாளியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முறை வராத ஆண்கள் முன்னறையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் மாப்பிள்ளையும் ஒருத்தர். நெற்றியில் எண்ணெய் இறங்கி இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். மனுஷன் கோபப்படவில்லையே என்று அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துப்போனது. அதனால்தான் அடுத்து நடந்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எல்லாப் பெண்களையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்தார். குழாயடிக் கல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். நான் சீயக்காயைத் தேய்த்துவிட்டேன். கண்ணை இறுக்கி மூடியபடியே பேசினார்.

"பிள்ளே, ஒண்ணு கேக்கட்டா. தண்ணி கொட்டுதுன்னு உங்க அப்பா சொன்னாரு. பாறையத்தான் பாத்துட்டு வந்தோம். நீ வேலைய விட்டுருவேன்னும் சொன்னாரு. அதையாவது நம்பலாமா?"

கையில் செம்போடு நின்றேன். போர்வைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் இருமல் கேட்டது. ஆமாம் அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எண்ணெயும் சீயக்காயுமாக எல்லாம் சுபமாக முடிந்துவிடும். ஆனால் லேபில் எனக்காகக் காத்திருக்கிற முகங்கள் நினைவுக்கு வந்தன. அந்த வேலை எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. அதை விட்டால் நான் யாரென்றே எனக்குத் தெரியாது.

"நம்பாதீங்க அத்தை" என்றேன். செம்பைக் கீழே வைத்தேன். "தண்ணி விழுதுன்னு சொன்னது அப்பா இல்ல, நான்தான். பாக்காமலே சொன்னேன். வேலைய விடுதேன்னும் நான்தான் தலையாட்டினேன். அதுவும் பொய். கல்யாணம் ஆனாலும் போவேன். கோவில்பட்டியிலயும் லேப் இருக்கும்லா."

அவர் கையால் முகத்து நுரையை வழித்தார். "கண்ணு எரியுது, தண்ணிய ஊத்து" என்றார். குழாயில் காற்றுதான் வந்தது, மேலே தொட்டியும் காலி. நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினோம். அவ்வளவு நேரமும் அவர் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தாரோ, தெரியவில்லை.

சாப்பிட்டார்கள். கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். "போய்த் தகவல் சொல்லுதோம்" என்று வேன் ஏறினார்கள். தகவல் சொல்லுதோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அப்பா என்னோடு பேசவில்லை. நான் காலையில் எழுந்து லேபுக்குப் போனேன், வந்தேன். மாப்பிள்ளை முகத்தை நினைத்து ஒருநாள் குளியலறையில் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொன்னதற்காக ஒரு நிமிஷமும் வருத்தப்படவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. நான்காம் நாள் மதுரையிலிருந்து அப்பாவின் சிநேகிதர் கூப்பிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், "நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுதேன் வே" என்றார். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா போனை நீட்டினார். "கோவில்பட்டி. உங்கிட்டதான் பேசணுமாம்."

"பிள்ளே, அருவியில தண்ணி விழுதா?"

வெளியே முற்றமெல்லாம் நனைந்திருந்தது. மலை முழுக்க மேகம். கொட்டுது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

"தெரியல அத்தை. பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் குற்றாலத்துக்குப் போனேன். பேரருவியில் பாறையே தெரியவில்லை. தூரத்தில் நிற்கும்போதே முகமெல்லாம் நனைந்துவிட்டது. துப்பட்டாவால் போனைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"விழுது அத்தை. என் கண்ணால பாத்துட்டேன்."

"அப்போ வெள்ளிக்கிழமை பூ வைக்க வாறோம்" என்றார். "உனக்கு லேப் எத்தன மணிக்கு முடியும்?"