ஊக்கு குத்திய பொட்டலம்

மந்தைவெளியில் முப்பது வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். துணியைத் தேய்க்கும் முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கை விட்டுப் பார்ப்பேன். சாவி, ரயில் சீட்டு, மிட்டாய், எது இருந்தாலும் தாளில் மடித்து, ஊக்கு குத்தி, துணிக்கு மேலே வைத்துக் கொடுப்பேன். இந்தத் தெருவில் என் கையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதில் எனக்குக் கர்வம்தான். இருக்கட்டுமே.

என் தம்பி திருடன். வீடு புகுந்து எடுத்து இரண்டாம் தடவை உள்ளே போனபோது, தாயில்லாத அவன் பெண்ணை நான் கூட்டிவந்தேன். அவளுக்கு எட்டு வயது. வந்த அன்றே பக்கத்துப் பூக்காரி சொன்னாள், "பாத்துக்கோக்கா, ரத்தம் எங்க போவும்?"

அந்தச் சொல் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. திருட்டு ரத்தத்தில் வருமா என்று, என்னிடம் துணி போடும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். துறுதுறுப்பு, பயமில்லாத குணம் இதெல்லாம் கொஞ்சம் பிறப்பிலேயே வரலாம், அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது வளர்கிற இடத்தில்தான் இருக்கிறது என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். தம்பியும் நானும் ஒரே வயிறு. அவன் சின்னதிலிருந்தே ஓர் இடத்தில் நிற்க மாட்டான். அதற்காகவே அப்பா பெல்ட்டை எடுப்பார். அடிக்குப் பயந்து வெளியே படுத்தான், வெளியே கிடைத்தவர்களோடு சேர்ந்தான். என்னை அப்பா ஒரு நாளும் தொட்டதில்லை.

இவ்வளவும் புரிந்துங்கூட, தினம் சாயங்காலம் அவள் முகம் கழுவப் போகும் நேரம் பார்த்து ஸ்கூல் பையைத் துழாவுவேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மாடி வீட்டு அம்மா வந்து, தேய்க்கக் கொடுத்த சுடிதார் பாக்கெட்டில் மோதிரம் வைத்திருந்தேன், காணோம் என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. வண்டி நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தது.

"எங்க வூட்ல கை நீளாதும்மா," என்றேன். குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

சாயங்காலம் அவள் முகம் கழுவப் போனதும் பையைத் துழாவினேன். பையின் அடியில் ஒரு காகிதப் பொட்டலம். நான் குத்துவது போலவே ஊக்கு குத்தியிருந்தது. மோதிரம்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பிரித்தால் ஒரு தேன் மிட்டாய். தாளில் பெரிய பெரிய எழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டினேன். அத்தைக்கு.

முகத்தில் தண்ணீர் சொட்ட அவள் பின்னால் நின்றிருந்தாள். நான் பையைப் பார்ப்பது எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வந்த நாளிலிருந்தே என்றாள். கோபமே இல்லை. சட்டை பாக்கெட்டைப் பார்ப்பது போலத் தன் பையையும் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் அப்பா வீட்டில் அந்தப் பையை யாரும் திறந்ததே இல்லையாம்.

"இனிமே பாக்க மாட்டேன்டி," என்றேன்.

"பாரு அத்த. பாக்கலன்னா முட்டாய எப்டி எடுப்ப?"

மோதிரம் அவர்கள் குளியலறையிலேயே கிடைத்ததாம். அந்த அம்மா வந்து சொல்லவில்லை, அங்கே வேலை செய்பவள்தான் சொன்னாள். நானும் போய்க் கேட்கவில்லை. நானும் அந்தப் பொட்டலத்தை மோதிரம் என்று நினைத்தவள்தானே.

இப்போது அவள் காலேஜ் போகிறாள். பையை நான் தொடுவதில்லை. மிட்டாயை அவளே எடுத்து நீட்டுகிறாள். எனக்குச் சர்க்கரை வந்த பிறகு பாதிதான் தருகிறாள். அதையும் தாளில் மடித்து, ஊக்கு குத்தித்தான்.