பள்ளிமுனையில் எங்கள் வெள்ளிவிழாப் பாட்டு

அதிகாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரிச் சத்தம் போட்டோம். சாரதி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், பிறகு கைவிட்டுவிட்டார். எங்கள் பாடகர் குழுவுக்கு இது வெள்ளிவிழா ஆண்டு. பாட்டுத்தான் எங்கள் தொழில். மாதச் சம்பளம் வாங்கிப் பாடுகிறவர்கள் நாங்கள். கொழும்பு மண்டபங்களிலேயே கொண்டாடி முடித்திருக்கலாம். எங்களை நடத்துகிற மாஸ்டர் விடவில்லை. இதுவரை நம்மைக் கேட்காத ஊர்களுக்குப் போய் இலவசமாகப் பாடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதல் பயணம் மன்னார்.

எனக்குப் பக்கத்தில் ஜெசிந்தா. மதவாச்சி தாண்டியதும் வாயாடிக்குப் பேச்சே நின்றுவிட்டது. அன்று மாலை நாங்கள் பாடவிருந்த பள்ளிமுனை அவள் பிறந்த ஊர், தகப்பன் கடற்றொழிலாளி. கோயிலில் பாடி வளர்ந்த பிள்ளை குரலைக் கூலிக்கு விடுவதா என்று, அவள் குழுவில் சேர்ந்த நாளே கோபித்துக்கொண்டவர். அதற்குப் பிறகு அவள் பாடி ஒரு தரமும் கேட்டதில்லை. இன்றைக்குத் தனக்குத் தனிப்பாட்டு இருக்கிறதென்று தாயிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"வருவாரோ தெரியாது அக்கா," என்றாள். "வந்தாரெண்டால் எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

பகல் முருங்கனில் பாடினோம். அப்பப்பா, என்ன வரவேற்பு! வயல்காரக் குடும்பங்கள் பாடசாலை மண்டபம் அதிரக் கைதட்டின. கடையில் பால் விடாத பிளேன்ரீ முப்பது ரூபா; கடைக்காரர் எங்களிடம் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கிருந்து மன்னார் இருபத்தைந்து கிலோமீற்றர் வரும். பாலத்தில் கச்சான் காற்று பஸ்ஸை உலுப்பியது. இரண்டு பக்கமும் கடல், பயத்தை மறைக்க இன்னும் பலமாகப் பாடினோம். பட்டணத்தில் கழுதைகள் வீதியை மறித்து நின்றன. அவை தாமாக மனம் வைத்தால்தான் உண்டு என்று சாரதி எஞ்சினை நிறுத்தினார்.

பள்ளிமுனையில் கோயில் வளவில்தான் மேடை போட்டிருந்தார்கள். காற்று அதைப் பிய்த்துக் கொண்டுபோக, பங்குத்தந்தை எங்களைக் கோயிலுக்குள்ளேயே பாடச் சொன்னார். ஆறரைக்குத் தொடங்கினோம். உள்ளே நெருக்கியடித்த கூட்டம், ஜன்னல்களிலும் முகங்கள்.

முதல் பாட்டு முடிந்தது. ஒரு கை தட்டவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்படியே. முருங்கனில் கேட்ட காதுக்கு அந்த அமைதி அடி விழுந்த மாதிரி இருந்தது. மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. சனத்துக்குப் பிடிக்கவில்லை, சுருக்குவோம் என்று சைகை காட்டி, ஜெசிந்தாவின் பாட்டைத் தாண்டி நேரே கடைசிப் பாட்டுக்குப் போய்விட்டார். அவளோ கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டே எங்களோடு சேர்ந்து பாடினாள். கைதட்டாதது அந்த ஊர்ப் பிள்ளைக்குக் குறையாகவே படவில்லை என்று பிறகுதான் சொன்னாள்.

முடித்து வணங்கினோம். பின் வரிசையில் வெள்ளைச் சாரமும் சேட்டுமாக ஒருவர் எழுந்து, நடுப்பாதையால் முன்னுக்கு வந்தார். ஜெசிந்தா என் கையை நெரித்தாள்.

"மாஸ்டர், என்ரை மகள் இன்னும் பாடேல்லை."

மாஸ்டர் தடுமாறி, சனத்துக்கு அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

"கோயிலுக்குள்ளை, நற்கருணைக்கு முன்னாலை நாங்கள் கை தட்டுறேல்லை," என்றார் அவர். "நீங்கள் பாடச் சொல்லுங்கோ."

எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜெசிந்தா பாடினாள். மாதா பாலனுக்குப் பாடுகிற ஒரு தாலாட்டு. முதல் அடியில் குரல் நடுங்கி, இரண்டாவதில் நிமிர்ந்தது. எத்தனையோ மேடையில் அவளோடு நின்றிருக்கிறேன், இப்படி அவள் பாடிக் கேட்டதில்லை. தகப்பன் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார். பாட்டு முடிந்து எல்லாரும் வாசலைத் தாண்டியதும்தான் பள்ளிமுனை கைதட்டியது, முருங்கன் பிச்சை வாங்கவேண்டும்!

மறுநாள் காலை பஸ் புறப்படும்போது ஒரு பெட்டி நிறைய மீனோடு அவர் வந்தார். கொழும்பில் பாட்டு முடிந்தால் சனம் தட்டிவிட்டு வாகனம் தேடி ஓடும்; இங்கே பாதி ஊர் வழியனுப்ப நின்றது. அவர் மகளின் தலையைத் தடவிவிட்டு, ஜன்னலருகே இருந்த மாஸ்டரிடம் போனார்.

"இவவுக்கு மாசம் எவ்வளவு குடுக்கிறியள்?"

மாஸ்டர் தயங்கித் தயங்கித் தொகையைச் சொன்னார்.

"இந்தக் குரலுக்கு இது காணாது," என்றார் அவர்.