சதுக்கத்தில் நிற்பவர்கள்

"இடப்பக்கம் துளி தூக்கு கண்ணு. ஆளுகெல்லாம் சாஞ்சு நிக்கறாங்க பாரு."

சோபாவின் மேல் ஏறிப் படத்தைப் பிடித்திருந்தாள் வெண்பா. ரசமட்டத்தில் குமிழி நடுவில்தான் இருந்தது. அம்மா அதை நம்பவில்லை. தனபாக்கியம் எதையும் கண்ணால் பார்த்தே நேர் செய்பவர். பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி உட்பட. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வீட்டு வேலை அது.

படத்தில் இருந்தது வெனிஸ் நகரின் பெரிய சதுக்கம். பழைய இத்தாலிய ஓவியத்தின் அச்சு. அசல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் இருக்கும் வீட்டிலிருந்து வெண்பா ஞாயிறுதோறும் அம்மாவை அங்கே காரில் கூட்டிப்போவாள். குவிமாடங்களும் மணிக்கூண்டும் தனபாக்கியத்துக்கு ஒரு பொருட்டில்லை. கீழே நிற்கும் நகக்கண் அளவு மனிதர்களோடுதான் பழக்கம். "அந்தத் தொப்பிக்காரனப் பாரு. வூட்ல பொண்டாட்டி சோறாக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பா, இவன் நாயம் பேசீட்டு நிக்கறான்."

அந்தக் கூடத்தின் காவலர் ரோசா, முழங்கை கிழிந்த கருநீல ஸ்வெட்டரோடு நிற்பவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. "ஆனா வாய் மூட மாட்டோம்" என்பார் தனபாக்கியம். செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் சம்மணமிட்டு உட்காருவார். ரோசா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்.

பேர்லேண்டில் நடைபாதை உண்டு, நடப்பவர் இல்லை. "காரு போவுது, காரு வருது. மனுசன் ஒருத்தன் கண்ணுல படமாட்டேங்கறான்."

வெண்பா எண்ணெய்க் குழாய்களை வடிவமைக்கும் பொறியாளர். பிரச்சினை என்று ஒன்று தெரிந்தால் தீர்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஓவியம்தானே? பெரிதாக அச்சிட்டு வரவழைத்துவிட்டாள்.

"இனிமே டிரைவ் பண்ண வேணாம், பார்க்கிங் தேட வேணாம். தினமும் பாத்துக்கலாம்மா."

"அப்ப ஞாயித்துக்கெழம போகலையா?"

"அதான் வீட்டுக்கே வந்துருச்சே!"

"வந்துருச்சு. ரோசா வரலியே" என்று அம்மா சிரித்தார். வெண்பாவும் சிரித்தாள்.

அந்தச் சுவரின் முன் உட்கார்ந்து அம்மா யாரையும் வம்புக்கு இழுத்து அவள் பார்க்கவில்லை. ஒரு முறை மட்டும் கேட்டார்: "ரோசாவப் பாத்துட்டு வந்தறலாமா கண்ணு?"

"ஆன்கால்ல இருக்கேம்மா, எப்ப வேணா ஆபீஸ்ல கூப்பிடுவாங்க. நெக்ஸ்ட் வீக் போலாம்."

அடுத்த வாரம் அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் மாரடைப்பு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசல் மணியை அடித்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் கார் நிற்கும் கராஜ் வழியாகவே போய்வருகிறவர்கள். வாசல் கதவைத் திறந்து மாதக்கணக்காகியிருந்தது. திறக்கப்போன வெண்பாவின் கையில் ஒரு துணிப்பை தட்டுப்பட்டது. வெளியே கிளம்பும்போது மறக்கக்கூடாததை வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டிவைப்பது அம்மாவின் ஈரோட்டுப் பழக்கம்.

உள்ளே அருங்காட்சியகத்தின் முத்திரை போட்ட கருநீல ஸ்வெட்டர். முழங்கைக் கிழிசலைத் தையல் வெளியே தெரியாதபடி தைத்து, துவைத்து, ரோசாவின் பெயர்ப்பட்டை மேலே தெரியும்படி மடித்து வைத்திருந்தார்.